லீவில் போன செங்கற்கள்

நான்கு மணிக்கு ஆய்வுக் குழு வருகிறது, இப்போது மணி ஒன்றரை, கல்லைக் காணோம் என்று நூலகர் அம்மாள் தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தபோது, துப்பறிவாளர் நிதானம் தேநீரில் பிஸ்கெட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கெட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதைக் கரண்டியால் தேடி எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தவர்கள் இப்படிக் காத்திருந்து நொந்துபோன வாடிக்கையாளர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அவருடைய உதவியாளர் பட்டாசு அதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பியிருந்தாள். அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அவள் வாய்.

"பாஸ், கல் காணாமப் போறதுக்கெல்லாம் கேஸா? நம்ம நிலைமை அவ்வளவு மோசமாப் போச்சா?"

"ஆபீஸ் வாடகை ரெண்டு மாசம் பாக்கி" என்றார் நிதானம். பட்டாசு வண்டியை விரட்டினாள்.

நகராட்சிப் பொது நூலகம் ஒரு காலத்தில் கம்பீரமாக இருந்திருக்க வேண்டும். எட்டுப் படி ஏறினால் உயரமான வளைவுகள், தடித்த தூண்கள், ஆள் உயர ஜன்னல்கள். இப்போது வளைவுகளில் விரிசல். வடக்கு ஓரத் தூணின் அடியில் ஒரு பச்சை வாளி. மழைக்காலத்தில் அது நிரம்பும், வெயில் காலத்தில் அதில் குடைகளைச் செருகி வைப்பார்கள்.

நூலகர் அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறவர். 'அமைதி காக்கவும்' பலகையை அவர்தான் எழுதினார், அவரே அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதால் பதற்றத்தைக்கூடக் கிசுகிசுப்பாகவே சொன்னார்.

விஷயம் இதுதான். பழைய பொதுக் கட்டடங்களைப் புதுப்பிக்க நகராட்சி இந்த வருஷம் நிதி ஒதுக்கியிருந்தது. நிதி ஒரே ஒரு கட்டடத்துக்கு. பழைய நீதிமன்றமும் தீயணைப்பு நிலையமும் நூலகமும் வரிசையில் நின்றன. கட்டடத்துக்கு நூறு வயது நிரம்பியிருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நிதி கிடைக்காவிட்டால் நூலகத்துக்கு இடிப்புப் பட்டியலில் ஏற்கெனவே இடம் போட்டு வைத்திருந்தார்கள். புத்தகங்கள் மூட்டையாகக் கட்டப்பட்டு ஏதோ ஒரு கிடங்குக்குப் போகும். இந்த இடத்தில் கார்கள் நிற்கும்.

"அதோ, அந்தக் கார் நிறுத்தத்தைக் கட்டப்போறவரு" என்று நூலகர் அம்மாள் கண்ணால் காட்டினார். செய்தித்தாள் மேஜையில் கனமான ஓர் ஆள் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர். இடிக்கப்போகிற கட்டடத்தில் தினமும் வந்து ஓசியில் பேப்பர் படிக்கிறவர்.

"கேஸ் முடிஞ்சுது பாஸ்" என்றாள் பட்டாசு. "இவருதான். கையைப் பாருங்க, கடப்பாரை பிடிச்ச கை."

நிதானம் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். 'கட்டடத்தின் வயது: நூற்றிரண்டு. ஆதாரம்: நுழைவாயில் கல்வெட்டு' என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே நூலகர் அம்மாள் கையொப்பம் போட்டிருந்தார். அந்தக் கல்வெட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று நிதானம் கேட்டார்.

நூலகர் அம்மாள் முதல்முறையாகத் தயங்கினார். கல்லுக்கு முன்னால் ஒரு மர பீரோ நின்றது. அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே நின்றது. கல் அங்கே இருப்பது எல்லாருக்கும் தெரியும், அதில் இருப்பதைப் படித்தவர் யாரும் இல்லை. இன்று காலை, குழு வருகிறதே என்று ஆட்களை விட்டு பீரோவை நகர்த்தினால், பின்னால் கல் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு குழி.

"பார்க்காத கல்லை எப்படி ஆதாரமா எழுதினீங்க?"

"பழைய ஃபைல்ல அப்படித்தான் இருந்தது. அதுக்கு முந்தின ஃபைல்லயும் அப்படித்தான்" என்றார் அவர். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

நிதானம் குழியின் முன் உட்கார்ந்துகொண்டார். அவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்பது பட்டாசுக்குத் தெரியும். பக்கத்தில் குழுவுக்குக் காட்டுவதற்காக ஒரு மேஜையில் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். மைக்கூடு, தேதி முத்திரை, தோல் அட்டை போட்ட ஒரு புகார்ப் புத்தகம். பட்டாசு புகார்ப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைப் புரட்டினாள். சிரிப்பு வந்துவிட்டது.

"பாஸ், இதைக் கேளுங்க. 'வடக்குத் தூணருகே கூரை ஒழுகுகிறது. வாசகர்கள் குடை பிடித்துக்கொண்டு வாசிக்கின்றனர்.' கீழே நகராட்சி முத்திரை. 'பார்வையிடப்பட்டது. விரைவில் ஆவன செய்யப்படும்.' அந்தக் காலத்துலயே இதே பாட்டுதான் பாடியிருக்காங்க."

நூலகர் அம்மாள் உதட்டில் விரலை வைத்தார். பட்டாசு புத்தகத்தை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள், அரை நிமிஷத்துக்கு.

குழியைச் சுற்றி ஒரு சின்ன விரிசல்கூட இல்லை. கல்லைப் பிடித்திருந்த சுண்ணாம்பை மட்டும் பொறுமையாகச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தரையில் தூசி இல்லை. நிதானம் பீரோவைத் திறந்தார். உள்ளே பழைய செய்தித்தாள்களின் தடித்த தொகுப்புகள். அவற்றை வெளியே எடுக்காமல் அந்த பீரோவை ஒருவரால் அசைக்க முடியாது. திருடியவன் எல்லாவற்றையும் எடுத்து, பீரோவை நகர்த்தி, கல்லைப் பெயர்த்து, பீரோவைத் திரும்ப வைத்து, தொகுப்புகளை அடுக்கியிருக்கிறான். நிதானம் விரலால் முதுகுகளைத் தடவிக்கொண்டே போனார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

"தேதி வரிசை பார்த்து அடுக்கியிருக்கான்" என்றார்.

"அப்போ கல்யாணம் ஆனவன் பாஸ். எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கணும்னு வீட்ல பழக்கி வெச்சிருக்காங்க."

நிதானம் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பட்டாசு தன் ஜோக் நன்றாக இருந்ததாக நினைத்துக்கொண்டாள்.

குப்பைக் கூடையில் இரண்டு பழைய பேப்பர்கள் கிடந்தன. புத்தகங்களின் மேல் தூசி விழாமல் விரித்து, வேலை முடிந்ததும் மடித்துப் போட்டவை. குப்பையில் போடுகிற காகிதத்தை யாரும் கசக்கித்தான் போடுவார்கள். இவை நான்காக, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, நகத்தால் நீவின மடிப்போடு இருந்தன.

"கான்ட்ராக்டரா இருந்தா சுவரையே கொண்டுபோயிருப்பாரு" என்று நிதானம் எழுந்தார். "கல் எவ்வளவு கனம் இருக்கும்?"

ஒருவர் தூக்கலாம், ஆனால் மறுநாள் வருத்தப்படுவார் என்று குழியின் அளவைப் பார்த்துப் பட்டாசு கணக்குச் சொன்னாள். வெளியே போக எட்டுப் படி இறங்க வேண்டும். பின்கதவு துருப்பிடித்து, திறப்பதை நகராட்சி கைவிட்டுப் பல வருஷமாகிறது. நிதானம் புத்தகத் தள்ளுவண்டியைப் பார்த்தார். அதன் ஒரு சக்கரம் வளைந்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, சனிக்கிழமை சாயங்காலம் நன்றாக இருந்தது, திங்கட்கிழமை காலையிலிருந்து இப்படி என்றார் நூலகர் அம்மாள். நடுவில் ஞாயிறு, விடுமுறை. அவர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். சாவி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"புத்தகம் ஏத்தினா சக்கரம் வளையாது. வண்டி படி இறங்காது. அப்போ கல் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கு" என்றார் நிதானம். "வேற யாரு இங்க வேலை பார்க்கிறாங்க?"

வேறு ஒரே ஒருவர்தான். பின்னறையில் கிழிந்த புத்தகங்களைத் தைத்து ஒட்டுகிற பைண்டர். அவரை மணந்து பதினெட்டு வருஷமாகிறது என்று நூலகர் அம்மாள் சொன்னபோது பட்டாசின் புருவம் மேலே போனது. ஆபீஸில் அவர் பைண்டர், நான் மேடம், வீட்டுக் கதை வீட்டோடு என்று அவர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். பைண்டர் காலையிலிருந்து போலீஸில் புகார் கொடு, புகார் எண் வாங்கு என்று தலைகீழாக நின்றாராம். போலீஸ் வந்தால் நான்கு மணிக்குள் கல் கிடைக்காது என்று இவர்தான் கேட்கவில்லை.

"அவருக்கு முதுகு வேற சரியில்ல. குளியலறைல வழுக்கிட்டாராம். நேத்துலேர்ந்து குனிய முடியல" என்றார் நூலகர் அம்மாள் கவலையோடு.

நிதானம் தலையை ஆட்டிவிட்டுப் பின்னறைக்கு நடந்தார். வழியில் பட்டாசு அவர் காதில், போலீஸ் வேண்டாம் என்று கெஞ்சுகிற திருடர்களைப் பார்த்திருக்கிறேன், போலீஸ் வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றாள்.

பின்னறையில் பசையும் தைல வாசனையும் கலந்து வந்தன. பைண்டர் ஒல்லியான மனிதர். எழுந்து வணக்கம் சொல்ல முயன்று, பாதி எழுந்து, அந்தப் பாதியிலேயே நின்றார். மேஜையில் நூல், ஊசி, அட்டைகள். எல்லாம் ஓரத்தோடு ஓரம் பொருந்தி இருந்தன. ஒரு பக்கம் ஒட்டிய புத்தகங்களை அடுக்கி, மேலே நீலத் துணி போர்த்திய ஏதோ ஒன்றைப் பாரமாக வைத்திருந்தார். மூலையில் பழுப்புக் காகிதம் சுற்றிய ஆறு செங்கற்கள் சும்மா அடுக்கிக் கிடந்தன.

நிதானம் தொழிலைப் பற்றி விசாரித்தார். பசை காய எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நாள். அதுவரை பாரம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அட்டை வளைந்துவிடும். பாரத்துக்கு எப்போதும் என்ன வைப்பீர்கள்? செங்கல்தான் சார், காகிதம் சுத்தி வெச்சா அட்டையில கறை படாது.

"செங்கல்லுக்கெல்லாம் இன்னைக்கு லீவா?" என்று கேட்டார் நிதானம்.

பைண்டர் மூலையைப் பார்த்தார். செங்கற்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பட்டாசு நீலத் துணியை விலக்கினாள். கல் குப்புறப் படுத்திருந்தது.

அவளும் நிதானமும் சேர்ந்து அதைத் திருப்பினார்கள். 'நகராட்சித் தலைவர் அவர்களால் இக்கட்டடம் திறந்து வைக்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே தேதி. பட்டாசு விரல்விட்டு எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"தொண்ணூத்தேழு" என்றாள்.

பைண்டர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து கல்லைத் துடைத்துப் பளபளவென்று வைத்து அவரை அசத்த நினைத்திருக்கிறார். பீரோவை நகர்த்தித் துடைத்ததும் தேதி தெரிந்தது. விண்ணப்பத்தில் நூற்றிரண்டு என்று எழுதிக் கையொப்பம் போட்டவர் அவர் மனைவி. கட்டடம் போகும், பொய் எழுதியதற்கு மனைவியின் வேலையும் போகும். அப்போதுதான் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத பொடி எழுத்தில், ஒரு விதி கண்ணில் பட்டது. ஆதாரம் திருட்டுப் போயிருந்தால், புகார் எண் காட்டினால், தேடி எடுக்க மூன்று வருஷம் அவகாசம்.

"மூணு வருஷம் மறைச்சு வெச்சா நூறு ஆயிடும்ல சார்" என்றார் பைண்டர்.

நிதானம் சிரிக்கவில்லை, ஆனால் அதற்கு அவர் மிகவும் பாடுபட்டார். பட்டாசு பாடுபடவில்லை. "அதுவரைக்கும் இந்தக் கல்லுக்கு அடியில மாட்டின புத்தகத்தை எடுக்க வந்தவங்க மூணு வருஷம் வாசல்ல நிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, யாரோ பின்னால் நிற்பது தெரிந்து திரும்பினாள்.

நூலகர் அம்மாள் கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் கல்லைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், நாற்காலியில் வளைந்து கிடந்த மனிதரைப் பார்த்தார்.

"என்னங்க" என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ உடனே போய் நகராட்சில உண்மையைச் சொல்லியிருப்ப" என்றார் பைண்டர்.

அது உண்மை. அதையேதான் நூலகர் அம்மாள் இப்போதும் செய்யப்போகிறார். கல்லை வெளியே மேஜையில் வைக்கச் சொன்னார். குழு வந்ததும் தவறாக எழுதிவிட்டேன் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப்போவதாகச் சொன்னார். குரல் கிசுகிசுப்பாகவே இருந்தது, கண்கள் மட்டும் நிறைந்துவிட்டன. இந்த மாதிரி நேரத்தில் பட்டாசுக்கு ஜோக் வராது, வராததை மறைக்கக் கல்லின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள்.

மூன்றேகால் மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் வடக்குத் தூணின் வாளியில் டொக் என்று ஒரு சொட்டு விழுந்தது.

"ஆரம்பிச்சுட்டான்" என்றாள் பட்டாசு. "கட்டடம் திறந்த நாள்லேர்ந்தே ஒழுகுறான் போல."

நிதானம் நடந்துகொண்டிருந்தவர் நின்றார். "அந்தப் புகார்ல என்ன தேதி போட்டிருந்தது?"

பட்டாசு தேதியைப் பார்க்கவில்லை. சிரிப்பதில் மும்முரமாக இருந்துவிட்டாள். நிதானம் ஓடினார். அவர் ஓடி இதுவரை யாரும் பார்த்ததில்லை, செய்தித்தாள் மேஜையில் இருந்த கான்ட்ராக்டர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். புகார்ப் புத்தகத்தின் முதல் பக்கம். மை மங்கியிருந்தாலும் தேதி தெளிவாக இருந்தது. முத்திரையிலும் அதே மாதம், அதே வருஷம்.

பட்டாசு இம்முறை ஒரே தடவையில் எண்ணிவிட்டாள். நூற்றிரண்டு வருஷம், நான்கு மாதம்.

"திறக்கறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே எப்படிம்மா ஒழுகும்?" என்றார் பைண்டர், மனைவியைப் பார்த்து.

"நம்ம தெரு பஸ் நிறுத்தம் மாதிரிதான்" என்றாள் பட்டாசு மெல்ல. "ரெண்டு வருஷமா ஜனங்க உக்காந்துட்டுதான் இருக்காங்க. போன மாசம்தான் தலைவருக்கு நேரம் கிடைச்சு ரிப்பன் வெட்டினாரு. கல்லுல போன மாசத் தேதிதான் இருக்கு."

நிதானம் கல்லை விரலால் தட்டினார். தலைவருக்கு நேரம் கிடைத்த நாளைத்தான் கல் சொல்கிறது. கூரை போட்ட நாளைச் சொல்ல ஒழுகலைத்தான் கேட்க வேண்டும். கட்டடம் கட்டிய வருஷத்தை முதல் ஃபைல் எழுதியவர் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். பிறகு வந்தவர்களில் யாரோ ஆதாரம் என்ற இடத்தில், கௌரவமாக இருக்கட்டும் என்று, கல்லை எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து எழுதினார்கள்.

சரியாக நான்கு மணிக்குக் குழு வந்தது. குழு என்று மூன்று நாற்காலி போட்டிருந்தார்கள், மழையில் மற்ற இருவர் வரவில்லை. வந்தவர் நகராட்சிப் பொறியாளர். நீண்ட குடை, நீண்ட முகம், காலையில் தீயணைப்பு நிலையத்தையும் பழைய நீதிமன்றத்தையும் பார்த்த களைப்பு.

நூலகர் அம்மாள் எதையும் மறைக்கவில்லை. விண்ணப்பத்தில் ஆதாரம் என்று எழுதியது தவறு, கல்லில் தொண்ணூற்றேழுதான் இருக்கிறது என்றார். கல்லைப் பயத்தில் எடுத்து ஒளித்தவர் எங்கள் பைண்டர் என்றார். ஒரு நொடி நிறுத்தி, அவர் என் வீட்டுக்காரர் என்றார். பிறகு புகார்ப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். நிதானமும் பட்டாசும் ஓரமாக நின்றார்கள். கல்லைக் கண்டுபிடிக்கும் வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் இருவரும் கிளம்பவில்லை.

பொறியாளர் கல்லைப் படித்தார். புகாரைப் படித்தார். வெளிச்சம் போதாமல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். போகிற வழியில் வடக்குத் தூண். ஒரு சொட்டு அவருடைய வழுக்கைத் தலையில் விழுந்தது. அவர் மேலே பார்த்தார். இன்னொன்று விழுந்தது. அவசரமாகப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு குடையை விரித்தார். விரித்த குடையின் கீழ் நின்று மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். 'வாசகர்கள் குடை பிடித்துக்கொண்டு வாசிக்கின்றனர்' என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து குடையைப் பார்த்தார்.

நீண்ட முகம் மெல்ல அகலமானது. சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. 'அமைதி காக்கவும்' பலகைக்கு நேர் கீழே நின்று அவர் சிரித்தார், நூலகர் அம்மாள் தடுக்கவில்லை.

"பயப்படறதுக்கு எங்க ஆபீஸ்ல நிறையவே காரணம் வெச்சிருக்கோம், அவரை விடுங்க" என்றார் பைண்டரைப் பார்த்து. "இது எங்க முத்திரைதான். ஆவன செய்யறோம்னு எழுதிக் கொடுத்துட்டு நூத்திரண்டு வருஷமா நாங்கதான் வரல. பேனா இருக்கா?"

நான்கு பேனாக்கள் நீண்டன. அவர் விண்ணப்பத்தில் ஆதாரம் என்ற இடத்தில் கல்வெட்டை அடித்துவிட்டு, 'புகார்ப் புத்தகம், முதல் பக்கம். கசிவு நேரில் பார்க்கப்பட்டது' என்று எழுதினார். அடியில், நிதிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிக் கையொப்பம் போட்டார். மூன்று கட்டடத்தையும் பார்த்தாயிற்று, குழு எழுதினால் தலைவர் மறுக்கமாட்டார், ரிப்பன் வெட்ட மட்டும் அவருக்கு நேரம் கிடைக்க வேண்டும் என்று போகும்போது சொன்னார்.

கான்ட்ராக்டர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். புதுப்பிக்கும்போது பேப்பர் மேஜைக்கு மேலே ஒரு மின்விசிறி போடுவீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

நிதானம் தன் பையை எடுத்துக்கொண்டார். கல்யாணம் ஆனவன் என்று நீ அடித்த ஜோக்தான் முதல் துப்பு என்று படியில் பட்டாசிடம் சொன்னார். அவள் சம்பள உயர்வு கேட்டாள். ஆவன செய்யப்படும் என்றார் அவர்.

உள்ளே நூலகர் அம்மாள் மேஜையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "பைண்டர்" என்றார், ஆபீஸ் குரலில். "அந்தக் கல்லு நாளைக்கே பழைய இடத்துக்குப் போகணும். பீரோ அதுக்கு முன்னாடி வேணாம். தேதி எல்லாருக்கும் தெரியட்டும்."

"சரிங்க மேடம்" என்றார் பைண்டர், பாதி வளைந்தபடி.

நூலகர் அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். நூலகத்தில் யாரும் இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து தைல டப்பாவை எடுத்தார்.

"நீங்க தூக்க வேணாம், ஆளை விட்டுத் தூக்கலாம். திரும்புங்க, எந்த இடத்துல வலிக்குது?"